யார் முன் மண்டியிடுகிறோம்?

நம் இளையோர் ராத்திரியெல்லாம் செல்போனில் கொரியத் தொடர் பார்ப்பதாகப் பெற்றோர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டீர்கள். நானும் ஒன்றை உட்கார்ந்து பார்த்தேன். 2020இல் வந்த ‘இத்தேவான் கிளாஸ்’, 16 பாகம்.

சக மாணவனைத் துன்புறுத்தும் பணக்காரப் பையனைச் சேரோயி என்ற மாணவன் அடித்துவிடுகிறான். மண்டியிட்டு மன்னிப்புக் கேள் என்கிறார் பையனின் அப்பா, பெரிய உணவு நிறுவனத்தின் முதலாளி. இவன் மறுக்கிறான். பள்ளி போகிறது, அவன் அப்பாவின் வேலை போகிறது. பிறகு அதே பையன் ஓட்டிய கார் மோதி அப்பாவின் உயிரும் போகிறது. ஆத்திரத்தில் அந்தப் பையனைத் தாக்கிச் சிறைக்குப் போய் வந்தவன் சின்னதாக ஒரு கடை போட்டு வளர்ந்து, அந்த நிறுவனத்தையே வீழ்த்துகிறான். கடைசியில் அந்த முதலாளிக் கிழவரே வந்து அவன் முன் மண்டியிடுகிறார்.

பிள்ளைகள் ஏன் கைதட்டுகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. வட்டிக்காரர் வாசலில் அப்பா கைகட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இங்கே உண்டு. நீதி கேட்பது பாவமில்லை. சிலம்பை உடைத்து அரசனிடமே கண்ணகி நீதி கேட்ட ஊர் இது. ஆனால் மதுரை எரிந்த பிறகும் அவள் துயரத்தோடுதான் மேற்கே நடந்தாள்.

அந்தத் தொடரில் என்னைத் தொட்ட இடம் வேறு. கடையில் அவனோடு உழைத்த பெண்ணைக் கடத்திவிடுகிறார்கள். எத்தனையோ வருடம் வளையாத சேரோயியின் முழங்கால், அவள் இருக்குமிடம் தெரிந்தால் போதும் என்று அந்தக் கிழவர் முன்னாலேயே வளைகிறது. தனக்காக மண்டியிட மறுத்தவன் இன்னொரு உயிருக்காக மண்டியிட்டான். பிள்ளைகளே, கைதட்டுவதென்றால் அங்கே தட்டுங்கள்.

இன்றைய நற்செய்தியிலும் மண்டியிடுகிறார்கள். பத்தாயிரம் தாலந்து கடன்பட்டவன் அரசர் காலில் விழ, முழுக் கடனும் தள்ளுபடியாகிறது. வெளியே வந்தவன், நூறு தெனாரியம் தரவேண்டிய தோழனின் கழுத்தை நெரிக்கிறான். நூறு நாள் கூலி, அவ்வளவுதான். தோழன் காலில் விழுந்தும் இவன் இரங்கவில்லை.

நம் அழகர்கோவில் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாவை உங்களுக்குத் தெரியும். சொந்த நிலமில்லாமல் கூலிக்கு வயலில் உழைத்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். வட்டிக் கொடுமைக்கு அவர் தந்த பதில் களஞ்சியம் என்ற சேமிப்புக் குழு. பெண்களைக் கூட்டி, சிறுகச் சிறுகச் சேமித்து, அந்தப் பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்துக்கொள்ளச் செய்தார். யாரையும் காலில் விழவைக்க அவர் கிளம்பவில்லை. 2001இல் டெல்லியில் விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய்தான் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

வட்டிக்குக் கொடுக்கிறவர்கள் இந்தக் கோவிலிலும் இருக்கிறீர்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டமே வந்துவிட்டது. கையெழுத்து மட்டும் வாங்கிவைத்த வெற்றுப் பத்திரம் உங்கள் பீரோவில் இருந்தால், இந்த வாரமே எடுத்துப்போய் உரியவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு நற்கருணை வாங்க வாருங்கள்.