இறுதியாண்டுப் பிள்ளைகளும் பெற்றோரின் அமானிதமும்



கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! அன்பிற்கினிய தாய்மார்களே! பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இதை வாசிக்கும் மாணவக் கண்மணிகளே!

பொதுத்தேர்வு நெருங்கினால் நம் வீடுகளின் முகமே மாறிவிடுகிறது. டி.வி. சத்தம் குறைகிறது. சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ்வுக்குக்கூட, "பிள்ளைக்குப் பரீட்சை" என்று ஒருவர் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிறோம். சபரில் இருக்கும் அத்தா, வாரத்துக்கு ஒரு முறை பேசியவர், இப்போது தினமும் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்: "எவ்வளவு வரும்?"

இந்தக் கேள்வியைப் பற்றித்தான் நாம் சிந்திக்கப் போகிறோம். தேர்வு எழுதுவது பிள்ளை. ஆனால் முடிவு வரும்போது வெற்றி தோல்வியை நாம் சுமக்கிறோம், அல்லது பிள்ளையின் தலையில் நம்முடையதையும் சேர்த்து ஏற்றுகிறோம். அப்படியானால் அது யாருடைய தேர்வு? பிள்ளைக்காக நாம் பட்ட பாடுகளுக்கெல்லாம் அவன் மதிப்பெண்ணால் கடனடைக்க வேண்டுமா?

குழுமூர் மகள்

இந்தக் கேள்வியை நம் அரியலூர் மாவட்டத்துக்காரர்கள் எளிதாகக் கடந்துவிட முடியாது. செந்துறைப் பக்கத்துக் குழுமூர் கிராமத்து மாணவி அனிதாவை நாடே அறியும். தாயைச் சிறுவயதிலேயே இழந்தவர். தந்தை திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிப் பிள்ளைகளை வளர்த்தவர். 2017-இல் பிளஸ் டூ தேர்வில் 1200-க்கு 1176 மதிப்பெண் எடுத்தார். மருத்துவத்துக்கான அவருடைய கட்-ஆஃப் 196.75. பழைய முறை நீடித்திருந்தால் மருத்துவ இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

தமிழகத்தில் 2007 முதல் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல். 2017-இல் மருத்துவத்துக்கு நீட் கட்டாயமானது. இந்த ஆண்டு விலக்கு கிடைக்குமா, கிடைக்காதா என்று மாதக்கணக்கில் பிள்ளைகள் காத்துக் கிடந்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை சென்று தன் தரப்பைச் சொன்னவர் அனிதா. நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்று ஆகஸ்ட் 22-இல் முடிவானது. செப்டம்பர் 1 அன்று அந்தப் பிள்ளை உயிரோடு இல்லை.

ஒரு மனித உயிர் பிரிவதற்கு ஒற்றைக் காரணத்தைச் சொல்லிவிட முடியாது. அந்தப் பிள்ளையின் மீது தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் நமக்கு இல்லை. அது படைத்தவனின் கையில் உள்ளது. உயிர் அல்லாஹ்வின் அமானிதம், அதை முடித்துக்கொள்ளும் உரிமை எந்த மனிதருக்கும் இல்லை என்பதில் மார்க்கத்தில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தச் சட்டத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் நம் பொறுப்பு தீர்ந்துவிடாது.

அதற்குப் பிறகு சில மாற்றங்கள் வந்தன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. அதன் அரங்கத்துக்கு 2023-இல் அனிதாவின் பெயர் சூட்டப்பட்டது. அளவுகோல் நியாயமானதா என்ற வழக்கு இன்னும் மக்கள் மன்றத்தில் நடக்கிறது, நடக்கத்தான் வேண்டும். அந்த வழக்கு முடியும் வரை நம் வீட்டுப் பிள்ளை எப்படி வாழ்வது என்பது நம் கேள்வி.

உழைப்புக்கும் முடிவுக்கும் நடுவே

அனிதாவின் வாழ்வு நமக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பிள்ளை முழு உழைப்பையும் கொடுத்த பிறகும் முடிவு வேறாக வரலாம். கேள்வித்தாள் கடினமாகலாம். பரீட்சை நேரத்தில் காய்ச்சல் வரலாம். விதியே நடுவில் மாறலாம். அப்படியிருக்க, "நல்லாப் படிச்சா நெனச்சது கிடைச்சே தீரும்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கிறோமே, நம் கையில் இல்லாத ஒன்றுக்கு நாம் எப்படி ஜாமீன் நிற்க முடியும்? வாக்கு பொய்யாகும்போது பிள்ளை நம்மைக் குறை சொல்வதில்லை. தன்னையே குறை சொல்லிக்கொள்கிறது.

நீதிபதி ஒருவர் தன்னால் இயன்ற அளவு ஆராய்ந்து சரியான தீர்ப்புச் சொன்னால் அவருக்கு இரண்டு கூலி. அப்படி ஆராய்ந்தும் தவறிவிட்டால் அவருக்கு ஒரு கூலி என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். விடை தவறு, ஆனாலும் கூலி உண்டு. எதற்கு? உழைப்புக்கு. மனிதர்களுக்கிடையே தீர்ப்புச் சொல்லும் அவ்வளவு பெரிய பொறுப்பிலேயே நேர்மையான உழைப்பை அல்லாஹ் வீணாக்கவில்லை என்றால், பதினேழு வயதுப் பிள்ளை வேதியியல் தாளில் தவறவிட்ட மதிப்பெண்ணுக்காக அவனுடைய ஓராண்டு உழைப்பையே குப்பை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

"அப்படிச் சொன்னால் பிள்ளை மெத்தனமாகிவிடாதா ஹஜ்ரத்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஹதீஸில் ஒரு நிபந்தனை இருக்கிறது: இயன்றவரை ஆராய்ந்திருக்க வேண்டும். உழைக்காதவருக்கு அந்த ஒரு கூலியும் இல்லை. ஆகவே உழைப்பைப் பற்றிப் பிள்ளையிடம் கேளுங்கள், கண்டிப்பாகவே கேளுங்கள். இன்று எத்தனை பாடம் முடிந்தது? போனில் எவ்வளவு நேரம் போனது? புரியாத பகுதி எது, அதை ஆசிரியரிடம் கேட்டாயா? இவற்றுக்குப் பிள்ளையால் பதில் சொல்ல முடியும், நாளை திருத்திக்கொள்ளவும் முடியும். "எவ்வளவு வரும்?" என்ற கேள்விக்கோ அவனிடம் பதிலே இல்லை. பதில் இல்லாத கேள்வியைத் தினமும் கேட்டால் பயம்தான் வளரும்.

பட்ட பாடு கடனாகுமா?

"உனக்காகத்தானே இந்த வெயில்ல கிடந்து உழைக்கிறேன்." "ரெண்டு வருஷமா ஊருக்கு வராம இருக்கேன், நீ என்ன பண்ற?" "நகையை அடகு வச்சு ஃபீஸ் கட்டியிருக்கோம், ஞாபகம் வச்சுக்க."

இந்த வார்த்தைகளில் பொய் இல்லை. கொள்ளிடக் கரை வயலில் நிற்பவரும், சிமெண்ட் லாரி ஓட்டுபவரும், குவைத்தில் ஓட்டல் வேலை பார்ப்பவரும் உண்மையிலேயே பாடுபடுகிறார்கள். அத்தா எப்படிச் சம்பாதிக்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். ஆனால் தெரியப்படுத்துவது வேறு, கணக்கு எழுதுவது வேறு.

பிள்ளைக்கு உணவும் உடையும் கல்வியும் கொடுப்பது தகப்பன் மீது கடமை. கடமையைச் செய்தவர் கடன் கொடுத்தவர் ஆகமாட்டார். பெற்றோருக்குப் பணிவிடை செய்வதும், வயதான காலத்தில் தாங்குவதும், கனிவாகப் பேசுவதும் பிள்ளைகள் மீது நமக்குள்ள ஹக்கு. இதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் 600-க்கு 550 எடுப்பது அந்த ஹக்கில் எங்கே இருக்கிறது? சராசரி மதிப்பெண் எடுத்த எத்தனையோ பிள்ளைகள் இன்று பெற்றோரைத் தாங்கிக்கொண்டிருப்பதை நம் மஹல்லாவிலேயே நீங்கள் பார்க்கலாம்.

மதிப்பெண் கடனாகிவிட்டால் அதன் விளைவு என்ன? குறைவாக எடுத்த பிள்ளை, வீட்டுக்கே தான் ஒரு நஷ்டம் என்று எண்ணத் தொடங்குகிறது. கடன்காரனுக்குக் கடன் கொடுத்தவரின் முகத்தைப் பார்க்கக் கூச்சம். ஆறுதல் தேடி எந்த மடிக்கு ஓடி வர வேண்டுமோ, அந்த மடியிலிருந்தே பிள்ளை ஒளிந்துகொள்கிறது. இதைவிடப் பெரிய இழப்பு ஒரு வீட்டுக்கு இருக்க முடியாது.

பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்

இப்ராஹீம் (அலை) அவர்களுக்குத் தன் மகனை அறுத்துப் பலியிடுவதாகக் கனவு வந்தது. நபிமார்களின் கனவு இறைக்கட்டளை. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தும் அந்தத் தந்தை மகனை அருகில் அழைத்து, விஷயத்தைச் சொல்லி, அவருடைய கருத்து என்ன என்று கேட்டார்கள். இது குர்ஆன் நமக்குச் சொல்லும் வரலாறு. இறைக்கட்டளையைச் சொல்லும்போதே மகனின் கருத்தைக் கேட்ட தந்தையின் மார்க்கத்தில் இருக்கும் நாம், பிளஸ் டூவுக்குப் பிறகு எந்தப் படிப்பு என்பதைப் பிள்ளையைக் கேட்காமலே முடிவு செய்துவிடுகிறோம். பக்கத்து வீட்டுப் பையன் என்ஜினீயரிங் என்றால் நம் பையனும் என்ஜினீயரிங். பிறகு அரியர் விழுகிறது; இறுதியாண்டில் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நண்பர்களெல்லாம் போகும்போது இவன் விடுதி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் மகளின் காதில் விழும்படி மாப்பிள்ளைப் பேச்சு பேசுவது அவளுடைய படிப்புக்குச் செய்யும் அநீதி. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து மேலே படிக்கும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. செலவுக்குப் பயந்து படிப்பை நிறுத்துவதற்கு முன் இவற்றை விசாரித்துப் பாருங்கள்.

மூடிய கதவும் திறந்த கதவும்

ஜைது இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் சிறுவயதில் தந்தையை இழந்தவர்கள். பத்ரு போருக்குப் போக ஆசைப்பட்டபோது, வயது போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தச் சிறுவருக்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றம்! அவரைச் சுற்றியிருந்த பெரியவர்கள், இவ்வளவுதான் இவன் என்று விட்டுவிடவில்லை. இந்தச் சிறுவர் இத்தனை சூராக்களை மனனம் செய்திருக்கிறார் என்று நபி (ஸல்) அவர்களிடம் எடுத்துச் சொன்னார்கள். நபியவர்கள் ஓதச் சொல்லிக் கேட்டு மகிழ்ந்தார்கள்; யூதர்களின் எழுத்தைக் கற்கச் சொன்னார்கள். அரை மாதத்தில் கற்றுக்கொண்டார். வஹீ எழுதுபவராக உயர்ந்தார். பின்னர் அபூபக்ர் (ரலி) அவர்கள் குர்ஆனை ஒன்றுதிரட்டும் பணியை ஒப்படைத்தது அவரிடம்தான். ஒரு கதவு மூடியபோது, பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் அந்தப் பெரியவர்கள்.

நம் ஏலாக்குறிச்சி மண்ணிலேயே இன்னொரு படிப்பினை உண்டு. இங்கே வாழ்ந்த வீரமாமுனிவர் மதத்தால் வேறானவர். கல்வியில் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள நமக்குத் தடையில்லை. இத்தாலியில் 1680-இல் பிறந்தவர். முப்பது வயதில்தான் இந்த நாட்டுக்கே வந்தார். அதன் பிறகு தமிழ் எழுத்துப் படித்து, 1732-இல் சதுரகராதி என்னும் அகராதியைத் தொகுத்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். பதினேழு வயதில் ஒரு பாடத்தில் தவறிய பிள்ளையிடம், வாழ்க்கையே போச்சு என்று சொல்லும் யாரும் அந்த அடைக்கல மாதா கோவில் பக்கம் போகும்போது இதை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும். தவறிய பாடத்துக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு இருக்கிறது. பாலிடெக்னிக் இருக்கிறது, ஐ.டி.ஐ. இருக்கிறது, கலைக் கல்லூரி இருக்கிறது.

வீட்டிலும் ஜமாஅத்திலும் செய்ய வேண்டியவை

தேர்வு நாட்களில் பிள்ளை தூங்கட்டும். இஷா தொழுதுவிட்டு நேரத்தோடு படுத்து ஃபஜ்ருக்கு எழுந்து படிப்பது, விடிய விடியக் கண்விழிப்பதைவிட மேல். எழுதி முடித்த தாளை வீட்டில் விசாரணை செய்யாதீர்கள். அடுத்த தாள் காத்திருக்கிறது. பிறர் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். அனஸ் (ரலி) அவர்கள் பத்து ஆண்டுகள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அவ்வளவு காலத்தில் ஒரு முறைகூடத் தம்மைச் சீ என்று சொன்னதில்லை, ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று கேட்டதில்லை என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். ஒரு சிறுவரின் மனதில் காலமெல்லாம் நின்றது அந்த மென்மை.

முடிவு வரும் நாளில் வீட்டில் இருங்கள். மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: "என்ன வந்தாலும் நீ எங்க பிள்ளை. சாப்பிட்டுட்டு அப்புறம் யோசிப்போம்." சபரில் இருக்கும் அத்தாமார்களே, அன்றைக்கு உங்கள் போன் அழைப்பில் முதல் வார்த்தை ஸலாமாக இருக்கட்டும், இரண்டாவது வார்த்தை "சாப்பிட்டியா?" என்று இருக்கட்டும்.

பிள்ளை சாப்பாட்டை வெறுத்தால், தூக்கம் கெட்டால், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால், இருந்து என்ன பயன் என்பதுபோல் பேசினால், அதை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். தனியே விடாமல் அருகில் உட்கார்ந்து, மனதில் என்ன இருக்கிறது என்று நேராகக் கேளுங்கள். அரசின் 104, 14416 ஆகிய எண்களில் மனநல ஆலோசனை கிடைக்கும். மருத்துவரிடம் போவது ஈமானுக்குக் குறைவல்ல. மாணவக் கண்மணியே, அந்தப் பாரம் உன் நெஞ்சில் இருந்தால் இன்றே ஒரு பெரியவரிடம் சொல். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் நன்னியிடம், ஆசிரியரிடம், பள்ளிவாசல் இமாமிடம் சொல். கதவு திறந்தே இருக்கும்.

ஜமாஅத்தார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிளஸ் டூ தேர்வில் முதலிடம் பிடித்தவர்களின் பட்டியலை வெளியிடுவதை அரசே 2017 முதல் நிறுத்திவிட்டது. நாம் மட்டும் வாட்ஸ்அப் குழுவிலும் ஃபிளக்ஸ் போர்டிலும் அதைத் தொடர்கிறோம். பாராட்டுங்கள், தவறில்லை. அதே வாரத்தில், தேர்ச்சி பெறாத பிள்ளைகளின் வீட்டுக்கு முத்தவல்லியும் நிர்வாகிகளும் ஒரு முறை போய் வாருங்கள். துணைத் தேர்வுக்கு விண்ணப்பித்தாயா, பணம் கட்ட வழி உண்டா, பாடம் சொல்லித்தர ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்பதை அந்தத் தாயின் முகத்தில் நீங்கள் பார்ப்பீர்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக! அவர்களுக்குப் பயனுள்ள கல்வியையும் தெளிந்த மனதையும் தருவானாக! அவன் தந்த அமானிதத்தைக் கணக்குப் பார்க்காமல் காக்கும் பெற்றோர்களாக நம்மை ஆக்கி வைப்பானாக! ஆமீன்.