முழுமனத் தொண்டும் ஊழியமும்: சந்திரகிரி இயேசு சபையினர் பணியை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

அன்றாடத் தொழிலில் ஈடுபட்டிருக்கும் ஒருவர் இறைவனுக்கு முழுமனத்தோடு தொண்டு செய்தல் இயலுமா என்பது கிறித்தவ அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. துறவை உயர்ந்ததாகவும் இல்லறத்தைத் தாழ்ந்ததாகவும் வகுத்த காலத்தில் இதற்கு விடை எளிதாகக் கிடைத்தது. உலகத் தொழில் மனத்தைப் பிளக்கும். ஆகவே முழுமை துறவிக்கே உரியது என்றனர். 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் இதனை மறுத்தார். உழவரும் கைவினைஞரும் தத்தம் தொழிலிலேயே இறைவனின் அழைப்பை ஏற்று வாழ்கின்றனர் என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கை இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. எனினும் இதன் உள்ளே மற்றொரு சிக்கல் மறைந்துள்ளது. முழுமனத்தை ஒருவர் தம்மிடமே கேட்டுக்கொள்வதும், பிறர் அதனை அவரிடம் கேட்டுப் பெறுவதும் ஒன்றாகுமா? சந்திரகிரியில் நிகழ்ந்த ஒரு பணியைக் கொண்டு இக்கட்டுரை இவ்வினாவை அணுகுகிறது.

தலைக்கோட்டைப் போருக்குப் (1565) பின்னர் விசயநகர அரசு தெற்கு நோக்கி நகர்ந்தது. பெனுகொண்டாவை அடுத்துச் சந்திரகிரியும் வேலூரும் அதன் தலைநகரங்களாயின. ஆரவீட்டு மரபினரான இரண்டாம் வேங்கடபதி தேவராயர் (1586–1614) திருவேங்கடமுடையானிடம் ஆழ்ந்த பற்றுடையவர். தம் காசுகளிலும் அப்பெருமானையே பொறித்தவர். அவருடைய அவைக்கு 1598இல் சாந்தோமிலிருந்து இயேசு சபைத் துறவியர் வந்தனர். மன்னர் அவர்களை மதிப்புடன் வரவேற்றுக் கோயில் எழுப்ப இசைவளித்தார். இச்செய்திகளை அச்சபையினரின் கடிதங்களால் அறிகிறோம். அவற்றைத் திரட்டி ஆராய்ந்து ஹென்றி ஹெராஸ் அடிகளார் 1927இல் வெளியிட்ட ஆரவீட்டு மரபின் வரலாறு இத்துறையில் இன்றும் அடிப்படை நூலாக விளங்குகிறது.

அக்கடிதங்களில் குருக்களின் சமய உரையாடல்களே பெரிதும் பேசப்படுகின்றன. ஆயினும் இக்கட்டுரைக்கு இன்றியமையாதவர்கள் குருப்பட்டம் பெறாத இரு சகோதரர்களே. ஒருவர் ஆங்கிலேயரான அலெக்சாந்தர் ஃப்ரே. மற்றவர் அவருக்குப் பின் வந்த இத்தாலியரான பர்த்தலோமேயோ ஃபோந்தெபோனா. இருவரும் ஓவியர்கள். இயேசு சபையில் சகோதரர் என்பார் திருப்பலி நிறைவேற்றவோ ஒப்புரவு கேட்கவோ உரிமையற்றவர். சமையல், தச்சு, மருத்துவம், ஓவியம் எனக் கைத்தொழிலால் சபைக்கு உதவுபவர். அவையிலிருந்த குருக்களின் வாதங்களைக் காட்டிலும் இவர்களுடைய தூரிகையே மன்னரைக் கவர்ந்தது. தம் முன்னிலையிலேயே ஓவியம் தீட்டச் செய்து அவர் பார்த்து மகிழ்ந்தார் என்று கடிதங்கள் தெரிவிக்கின்றன. கிறிஸ்துவின் வாழ்க்கையைத் தீட்டிய அதே கை, வைணவ மன்னரின் விருப்பத்தையும் நிறைவேற்றியது.

இங்குத்தான் வினா கூர்மை பெறுகிறது. அவ்வோவியர் யாருக்குத் தொண்டு செய்தார்? அவரை அனுப்பியது சபை. சபைக்குப் புரவலர் போர்த்துக்கல் மன்னர். வரவேற்ற வேங்கடபதிக்கோ போர்த்துக்கீசியரின் நட்பு அரசியல் தேவையாக இருந்தது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் காலூன்றியபோது அத்தேவையின் முகம் மாறியது. இரு தலைவர்க்கு ஒருவர் பணிபுரிதல் இயலாது என்பது மத்தேயு நற்செய்தியின் ஆறாம் இயல் கூறும் கருத்து. ஓவியச் சகோதரருக்கோ தலைவர் இருவர் அல்லர், நால்வர். மனமாற்றம் பெற்றோர் மிகச் சிலரே என்பதால், பயனைக் கொண்டும் அப்பணியை நியாயப்படுத்த இயலாது. சூழல் தூயதாக இருந்தால்தான் உள்ளம் முழுமையாகும் என்று கொண்டால், சந்திரகிரியில் முழுமனத் தொண்டு நிகழவே இல்லை என்று முடிவு கட்ட நேரிடும். அம்முடிவு ஏற்கத்தக்கதன்று. அப்படிப்பட்ட தூய சூழல் எந்தத் தொழிலாளிக்கும் எக்காலத்தும் வாய்த்ததில்லை.

சந்திரகிரிக்கு அண்மையிலுள்ள திருமலையைச் சார்ந்த வைணவ மரபில் குரும்பறுத்த நம்பி என்னும் குயவரின் வரலாறு வழங்குகிறது. மலையேறி வழிபட ஓய்வில்லாத அவர், வேலை முடித்துக் கையில் ஒட்டிய மண்ணைப் பூவாகப் பிடித்து, வீட்டிலிருந்தவாறே இறைவனுக்குச் சாத்தினார். பொன்மலரால் பூசித்த தொண்டைமான் மறுநாள் திருவடியில் மண்மலர்களைக் கண்டு வியந்து, பின் அக்குடிசையைத் தேடிச் சென்றான் என்பது கதை. பெரியபுராணத்தில் அடியவர்க்கு ஆடை வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரையும் இங்கு ஒப்பு நோக்கலாம். இவ்வரலாறுகளில் தொழிலும் வழிபாடும் பிரிவதில்லை. ஆனால் உரையாளர்கள் பெரிதும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. மண்மலரைக் குயவரிடம் எவரும் கேட்கவில்லை. தொண்டைமானே கட்டளையிட்டு, நாள்தோறும் இத்தனை மலர் என்று கணக்கிட்டுப் பெற்றிருந்தால், அதே மண், அதே கை, அதே மலர். ஆயினும் அது வரியாகியிருக்கும்.

தமிழில் இவ்வேறுபாட்டை ஒரு சொல்லே தன்னுள் தாங்கி நிற்கிறது. ‘ஊழியம்’ என்பது தமிழ்ச் சீர்திருத்தச் சபையாரிடையே இறைப்பணியைக் குறிக்கும் உயர்ந்த சொல். அதே சொல் திருவிதாங்கூரில் கூலியின்றி வலிந்து வாங்கப்பட்ட உழைப்பையும் குறித்தது. அரசுக்கும் கோயிலுக்கும் சுமை தூக்கவும் பாதை செப்பனிடவும் ஒடுக்கப்பட்ட சாதியினர் அழைத்துச் செல்லப்பட்டனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குக் கிறித்தவரானோர் பெற்ற முதல் உரிமைகளுள் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு என்பதாகும். ஓர் ஊழியத்திலிருந்து விடுபட்ட பின்னரே மற்றோர் ஊழியத்துக்கு அவர்களால் செல்ல முடிந்தது. இம்முரணைச் சொல்லாராய்ச்சியாளர் போதுமான அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

எதைச் செய்தாலும் அதனை ஆண்டவருக்கென்று மனமாரச் செய்க என்னும் கருத்து கொலோசையர் திருமுகத்தின் மூன்றாம் இயலில் வருகிறது. அன்றாட வாழ்வில் இறைத்தொண்டு பற்றிப் பேசுவோர் அனைவரும் இதனை எடுத்தாள்வர். அவ்வறிவுரை யாரை நோக்கியது என்பதைப் பலரும் கூறாது விடுகின்றனர். அது அடிமைகளை நோக்கியது. அடிமைக்கு அது ஒரு வகையில் விடுதலை தந்தது. உடலை விலைக்கு வாங்கியவனும் உள்ளத்தின் நோக்கத்தை வாங்க இயலாது. தன் உழைப்பை யாருக்கு உரியதாக்குவது என்று அடிமையே தீர்மானிக்கிறான். அதே அறிவுரையைத் தலைவன் தன் அடிமைக்கு எடுத்தோதும்போது அது விலங்காகிறது. சொற்கள் ஒன்றே, சொல்பவன் மாறியதும் அறமும் மாறிவிடுகிறது. அத்திருமுகமே அடுத்து தலைவர்களை நோக்கித் திரும்பி, நீதியும் நேர்மையும் தவறாது நடக்க வலியுறுத்துவது கருதத்தக்கது.

ஓவியச் சகோதரர் குயவருக்கும் அடிமைக்கும் இடைப்பட்ட நிலையினர். கீழ்ப்படிதல் வாக்கை அவர் ஒருமுறை தாமே விரும்பி அளித்தார். அதன்பின் எங்குச் செல்வது, எதைத் தீட்டுவது என்பன பிறர் ஆணைக்குட்பட்டன. முதல் நாள் விருப்பம் பிந்திய நாள்களின் ஆணைகளையெல்லாம் தொண்டாக்குமா? வாக்கு ஒருமுறை சொல்லப்பட்டாலும் நாள்தோறும் உள்ளத்தில் புதுப்பிக்கப்படாவிடில் அது வெறும் ஒப்பந்தமே எனலாம். அப்புதுப்பித்தலை மேலாளரோ மன்னரோ காண இயலாது. ஓவியத்தின் நேர்த்தியும் அதற்குச் சான்றாகாது. அதனால்தான் பிறரது முழுமனத்தை அளப்பதற்கோ கேட்பதற்கோ எவருக்கும் உரிமையில்லை என்று கொள்ள வேண்டியுள்ளது.

இது பழங்கதைக்கு மட்டும் உரிய சிக்கலன்று. சமயச் சார்புடைய பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் குறைந்த சம்பளத்தில் உழைப்போர் உயர்வு கேட்கும்போது, இது வேலையன்று, ஊழியம் என்னும் விடை கிடைப்பதுண்டு. எல்லாச் சமயத்தாரின் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஊழியம், ஊதியம் ஆகிய இரண்டும் ஓரெழுத்தால் வேறுபடுவன. இரவுப் பணியில் நோயாளியின் படுக்கையைப் பொறுமையோடு மாற்றும் செவிலியர் அதனை இறைவனுக்கென்று செய்யலாம். அது அவருடைய மண்மலர். அவருக்குரிய சம்பளத்தைக் குறைக்க அதனையே காரணமாகக் காட்டும் நிருவாகி, அம்மலரைத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு, இரு தலைவர் பற்றிய அப்பகுதியில் பழைய மொழிபெயர்ப்பின் ‘ஊழியம்’ என்பதை விடுத்துப் ‘பணிவிடை’ என்பதை ஆண்டது. சபைகளின் பேச்சு வழக்கிலோ பழைய சொல்லே தன் இரு பொருளோடும் இன்றும் நிலைத்துள்ளது.