மூடியில்லாத டிரம்முக்கு யார் பொறுப்பு?

வீட்டில் பிடித்து வைத்த தண்ணீரில் கொசுப்புழு இருந்தால் அபராதம் விதிப்பது நியாயமா? திருப்பூர் போன்ற ஊரில் இதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது. 2008இல் மாநகராட்சியாகி, 2009இல் தனி மாவட்டத்தின் தலைநகரான ஊர் அது. பனியன் கம்பெனி வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் லைன் வீடுகளில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். சில நாளுக்கு ஒருமுறை குழாயில் வரும் தண்ணீரைக் குடம், டிரம், சிமென்ட் தொட்டி என்று கிடைத்ததிலெல்லாம் நிரப்பி வைத்துப் பழகியவர்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் அதுதான் வேண்டும். சாக்கடையைவிட வீட்டில் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் அது நாடும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் அது கொசுவாகிப் பறக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். சுவரைத் தேய்த்துக் கழுவியாக வேண்டும். பவர் டேபிளில் ஒன்றரை ஷிப்ட் தைத்துவிட்டு வரும் பெண்ணிடம், அடுத்து என்றைக்கு வருமென்று தெரியாத தண்ணீரை வாராவாரம் கொட்டிக் கழுவச் சொல்கிறோம்.

அதற்காக, தன் வீட்டுத் தொட்டி தன் விருப்பம் என்று யாரும் இருந்துவிட முடியாது. அங்கே பிறந்த கொசு பட்டப்பகலில் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடிக்கிறது. டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து இன்றும் இல்லை. 2017இல் தமிழகத்தில் 23,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. 65 பேர் இறந்தார்கள் என்கிறது அரசுக் கணக்கு. ஆகவே மாநகராட்சிப் பணியாளர் வீட்டுக்குள் வந்து பார்ப்பதும், கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றுவதும் சரியே. 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு ஒழிப்புக்கு இடம் இருக்கிறது.

அபராதத்தை மட்டும் ஆளறிந்து விதிக்க வேண்டும். பாதியில் நிற்கும் கட்டடத்தின் லிஃப்ட் குழியில் மழைநீரைத் தேங்கவிட்டவருக்கு விவரமும் உண்டு, வசதியும் உண்டு, அவர் கட்டட்டும். பத்து வீட்டுக்கு ஒரே தொட்டி வைத்து, அதற்கும் மூடி போடாமல் வாடகை வாங்குபவரும் கட்டட்டும். டிரம்மை விட்டால் வேறு வழியில்லாத வாடகைக்காரரிடம் ரசீதை நீட்டுவது அநியாயம். தண்ணீர் வரும் நாளைத் திட்டமாகச் சொல்ல முடியாத நிர்வாகத்துக்கு, அதைச் சேர்த்து வைத்தவரைத் தண்டிக்கும் தகுதி இல்லை. அந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டியவை மூடியும் வலைத்துணியும், இந்தியோ ஒடியாவோ பேசும் குடும்பமானால் அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல ஓர் ஆளும். இவ்வளவும் செய்த பிறகு டிரம் திறந்தே கிடந்தால், அப்போது அபராதம் விதிக்கட்டும்.