கைக்கும் ஒரு படிப்பு

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை படித்து ஆளாகிவிட்டது என்றால், அதன் கை இனி உளியையும் மண்வெட்டியையும் தொடத் தேவையில்லை என்று அர்த்தம். தென்னையும் மாவும் பலாவும் செழித்த எங்கள் தென்மராட்சிக் கொடிகாமத்திலும் இதே கணக்குத்தான். உத்தியோகம் கிடைத்தவர் வேலியடைக்கவும் ஆள் பிடிப்பார். தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற நான், பின்வளவில் சும்மா கிடந்த மாட்டுக்கொட்டிலை மரவேலைக் கொட்டிலாக்கியபோது, "மாஸ்டருக்கு ஏன் இந்த வேலை? கதிரை கடையில வாங்கலாம்தானே" என்றார்கள் சொந்தக்காரர். நியாயமான கேள்விதான்.

கொட்டிலுக்கு அதிகம் வேண்டாம். ஒழுகாத கூரை, கறையான் ஏறாத சீமெந்து நிலம், நல்ல வெளிச்சம். முதலில் ஒரு வேலைமேசை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எட்டும் உயரத்தில். பிறகு கைவாள், சீவுளி, இரண்டு மூன்று உளிகள், மூலைமட்டம், சாணைக்கல். மின்வாள் ஆறுதலாக வரட்டும். பச்சைப் பலகையை உடனே அறுக்கக்கூடாது. இடையிடையே சட்டம் வைத்து அடுக்கி, காற்றுப்பட நிழலில் உலரவிட வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பொதுக்கணக்கு. சோளகக் காற்றில் சுருங்கும் பலகை கார்த்திகை மழையில் ஊதும். அதற்கு இடம் விடாமல் பூட்டிய கதவு மாரியில் இறுகிக்கொள்ளும்.

வெளியே வைரம் உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம் என்ற தொல்காப்பியப் பாகுபாட்டை எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பனந்துண்டில் உளியை வைத்தபோதுதான் அது கைக்கு விளங்கியது. ஓரத்துக் கருநார் உளியின் கூர்மையை மழுக்கிவிடும், நடுப்பகுதியோ மெத்தென்றிருக்கும். வேம்பிலும் முதிரையிலும் நேர்மாறு: வெளிறைப் பூச்சி தின்னும், நடுவைரம் நிற்கும். இலக்கணம் எழுதியவர் மரம் வெட்டியவர்களிடம் கேட்டுத்தான் எழுதியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

எனக்கு வாள் பிடிக்கப் பழக்கியவர் ஒரு பரம்பரைத் தச்சர். "அமத்தாதேங்கோ மாஸ்டர், வாள் தன்ர பாரத்தில இறங்கட்டும்" என்பார். நான் அவரை அண்ணை என்றே அழைக்கிறேன். அந்தத் தொழிலின் அருமையைப் போர் காட்டியது. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து வந்தார்கள். 2000-இல் தென்மராட்சியே போர்க்களமானது. நாங்களும் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கதவும் நிலையும் இல்லாத சுவர்களை மறுபடி வீடாக்கித் தந்தவர்கள் அவரைப் போன்றவர்கள். படித்தவர்கள் அவர்களின் வரவைப் பார்த்து நின்றோம். ஆனாலும் அந்தத் தொழிலைச் சாதியோடு கட்டிக் கீழே வைத்திருக்கிறோம். பின்லாந்தோ 1866-இலேயே கைவேலையைப் பள்ளிப் பாடமாக்கியது. 1927-இல் யாழ்ப்பாணம் வந்த காந்தி, பத்து ஆண்டுகளின் பின் வார்தாவில் கைத்தொழில் வழிக் கல்வியை முன்வைத்தார். அவரைக் கொண்டாடினோம்; அந்தப் பாடத்தை மட்டும் விட்டுவிட்டோம்.

கதிரையைக் கடையில் வாங்கலாம், உண்மை. அதைச் செய்தவரின் உழைப்பு எவ்வளவு என்ற அறிவு கடையில் கிடைக்காது. சீவுளி பிடித்த பிறகு நான் எந்தத் தச்சரிடமும் கூலியைக் குறைத்துக் கேட்பதில்லை. உங்கள் வளவிலும் ஒரு கொட்டில் சும்மா கிடந்தால் வேலைமேசை ஒன்று போடுங்கள். ரியூசனுக்கு ஓடும் பேரப்பிள்ளைகளை வாரத்தில் ஒரு பின்னேரமாவது அங்கே நிற்க விடுங்கள்.