திருவிருந்தில் முதல் பந்தி

1781-ஆம் ஆண்டு. மைசூர் ஹைதர் அலியின் படை காவிரிப் படுகைக்குள் புகுந்து பயிரை அழித்தது. மாடுகளை ஓட்டிச் சென்றது. குடிகளை ஊர்விட்டு ஊர் துரத்தியது. தஞ்சைக் கோட்டைக்குள் சிப்பாய்களும் குடிமக்களும் பசியால் தெருவிலேயே விழுந்து செத்தார்கள். இத்தனைக்கும் நாட்டுப்புறத்தில் நெல் அடியோடு இல்லாமல் போகவில்லை. கொண்டுவரத்தான் யாரும் முன்வரவில்லை. முன்பு கொடுத்த நெல்லுக்குப் பணம் வந்து சேரவில்லை. பிடித்துக்கொண்டு போன மாடுகளுக்கும் பதில் இல்லை. தஞ்சை மன்னர் துளஜாவின் அதிகாரிகள் கேட்டும் குடியானவர்கள் அசையவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் கேட்டும் அசையவில்லை. நம் இருவர் பேச்சும் எடுபடாது, அந்தப் பாதிரியார் சொன்னால் நம்புகிறார்களா பார்ப்போம் என்று மன்னரே சொல்லும் நிலை வந்தது.

அந்தப் பாதிரியார் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். அவர் ஊர் ஊராகக் கடிதம் அனுப்பினார். கொண்டுவரும் நெல்லுக்குத் தன் கையாலேயே பணம் தருவதாகவும், வழியில் எதிரி பிடித்துக்கொள்ளும் ஒவ்வொரு மாட்டுக்கும் தானே ஈடு கட்டுவதாகவும் எழுதினார். ஓரிரண்டு நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்துவிட்டன. கோட்டைக்குள் வந்து சேர்ந்த நெல் 80,000 கலம். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று அளந்தே பழகிய டெல்டாக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய குவியல் என்று சொல்ல வேண்டியதில்லை. வந்தவர்களுக்கு உடனுக்குடன் பணம் எண்ணிக் கொடுத்து, சிறு அன்பளிப்பும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

எந்த அரசாங்க முத்திரையும் இல்லாத ஒரு தனி மனிதரின் வாக்கை நம்பி, போர்க்காலத்தில் ஒரு குடியானவன் தன் உழவு மாட்டை அவிழ்த்துக் கொடுக்கிறான். கிறித்தவ வாழ்வில் தனக்காக வாழாமல் கடவுளுக்காக வாழ்வது என்று பிரசங்கங்களில் ஓயாமல் சொல்கிறார்களே, அதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும். இந்த மனிதன் நம்மிடமிருந்து தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளமாட்டான் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொள்ள ஊருக்கு முப்பது ஆண்டுகள் கிடைத்திருந்தன.

பிரஷ்ய நாட்டின் சொன்னன்பர்க்கில் 1726-இல் பிறந்த சுவார்ட்ஸ், ஹாலே நகரில் படிக்கும்போதே தமிழ் கற்கத் தொடங்கி, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1762-இல் நடந்தே தஞ்சைக்கும் திருச்சிக்கும் போனார். திருச்சியில் அவர் இருந்த நாட்களைக் கண்டவர் வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர். ஒரு பழைய கட்டடத்தில் கட்டில் போட்டால் ஆள் நிற்க இடம் போதாத ஓர் அறை. நிமிர்ந்தால் தலை இடிக்கும் கூரை. ஊர்ச் சமையலாகச் சோறும் காய்கறியும். கறுப்புச் சாயம் தோய்த்த மட்டமான துணியில் உடுப்பு. ஆண்டுக்கு 48 பவுன் வருமானம். அதில் தனக்குக் குறை ஏதும் இருப்பதாக அவர் காட்டிக்கொண்டதில்லை என்கிறது சேம்பர்ஸின் குறிப்பு. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

1779-இல் சென்னை ஆளுநர் ரம்போல்ட் கேட்டுக்கொண்டதால் சமாதானத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதரைச் சந்தித்தார். வழிச்செலவுக்கென்று ஹைதர் தந்த 300 ரூபாய்ப் பையைக் கொண்டுவந்து கம்பெனி அரசிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் வற்புறுத்தியபோது, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்க அதை முதல் தொகையாக வைத்தார். போர் முடிந்த பிறகு, வரிக்கொடுமை தாங்காமல் ஆயிரக்கணக்கான குடிகள் தஞ்சை நாட்டை விட்டு ஓடிப்போனார்கள். விதைப்புக் காலம் தவறினால் அடுத்த ஆண்டும் பஞ்சம் என்ற நிலையில் அவர்களைத் திரும்ப அழைத்ததும் இவரே. ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பிவந்தார்கள். பருவம் பிந்திவிட்டது, இருந்தும் இரவு பகலாக உழைத்து நட்டு முடித்தார்கள்.

1787-இல் சாகும் தறுவாயில் துளஜா, தத்துப்பிள்ளை சரபோஜியைக் காட்டி, நீரே பாதுகாவலராக இரும் என்று கேட்டார். ஒரு ராஜ்யத்தின் சாவியே கைக்கு வந்தது என்று சொல்லலாம். சுவார்ட்ஸ் மறுத்தார். அரண்மனைச் சூழ்ச்சிகளுக்கு நடுவே எப்போதாவது வந்துபோகும் ஒருவரால் அந்தப் பிள்ளையைக் காக்க முடியாது, மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் ஒப்படையுங்கள் என்றார். பின்னால் அமர்சிங்கின் கையில் சரபோஜி துன்பப்பட்டபோது, அவரை மீட்டுச் சென்னைக்கு அனுப்பவும் உரிமையை நிலைநாட்டவும் சுவார்ட்ஸ் ஓயாமல் எழுதினார். அதிகாரத்தை மறுத்தாலும் பொறுப்பை அவர் தட்டிக்கழிக்கவில்லை.

1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் தஞ்சையில் இறந்தார். சிவகங்கைக் குளத்தை ஒட்டிய சின்னக் கோட்டைத் தேவாலயத்துக்குள் இன்றும் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்தவர், பின்னால் மன்னரான சரபோஜி. கட்டிலில் கிடக்கும் கிழவரின் கையை மன்னர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கட்டிலருகே பள்ளிச் சிறுவர்கள். கடைசிவரை சைவராகவே வாழ்ந்த ஒரு மராட்டிய மன்னர், ஒரு கிறித்தவப் போதகருக்குச் செய்த நன்றி அது.

தொண்டு என்பதை இந்த மண்ணுக்குப் பாதிரிமார்தான் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். தோளில் உழவாரம் தாங்கிக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய அப்பரின் கதை இந்தப் படுகையெங்கும் தெரியும். திருவாரூரில் சுந்தரர் அடியார்களை வரிசைப்படுத்திப் பாடிய பட்டியலில் குயவரும் வேடரும் வண்ணாரும் இருக்கிறார்கள். சுவார்ட்ஸின் எளிமையைத் தஞ்சை மக்கள் சட்டென்று புரிந்துகொண்டதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்ய முடியாது என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொல்லும்போது, கடவுளுக்கு எதிரே நிறுத்துவது பணத்தை. பணத்தை விடுவது கடினம்தான். ஆனாலும் விடுவது வெளியே தெரிகிறது. விட்டவருக்குப் பெயரும் வருகிறது. அதைவிட ஆழத்தில் உட்கார்ந்திருக்கும் எஜமான் ஒருவன் உண்டு. நான் யார் தெரியுமா, என் குடும்பம் எது தெரியுமா என்ற நினைப்பு அது. பணத்தையும் சுகத்தையும் விட்டவர்கள்கூட அதைக் கையில் பிடித்துக்கொண்டே நற்கருணைப் பீடம் வரை வந்துவிடுவார்கள். தஞ்சைத் திருச்சபையின் கதையில் அது நடந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் சுவார்ட்ஸைப் புகழ்ந்துவிட்டுப் போவது அவருக்கும் மரியாதை ஆகாது.

சுவார்ட்ஸ் இந்தியாவுக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, தஞ்சை மன்னரின் படையில் ராஜநாயக்கன் என்றொரு சிப்பாய் இருந்தார். பறையர் குலம், பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பகுதி ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. படித்தார், படைவேலையை விட்டார், உபதேசியார் ஆனார். ஐரோப்பியப் போதகர்கள் தஞ்சை எல்லைக்குள் தாராளமாக நுழைய முடியாத காலம். வயல்வெளிச் சேரிகளில் நடந்து, அடியும் ஏச்சும் வாங்கி, சபைகளைத் திரட்டியவர் இவர்தான். சுவார்ட்ஸ் தஞ்சைக்குள் காலெடுத்து வைத்தபோது அங்கே ஒரு சபை இருந்தது என்றால் அது ராஜநாயக்கன் போன்றவர்கள் வளர்த்தது.

தமிழர்களில் முதன்முதலாகச் சீர்திருத்தச் சபையில் குருப்பட்டம் பெற்றவர் கடலூர் ஆரோன், 1733-இல், அவர் வேளாளர். அடுத்த பட்டத்துக்கு ஆள் தேடியபோது ராஜநாயக்கனின் பெயர் அடிபட்டது. தகுதியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் கையால் திருவிருந்து வாங்க வேளாளக் கிறித்தவர்கள் முன்வரமாட்டார்கள் என்ற ஒரே காரணத்தால் மிஷனரிகள் பின்வாங்கினார்கள். 1741-இல் பட்டம் தியோகு என்பவருக்குப் போயிற்று. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். ஊழியத்தை விட்டுப் போகவும் இல்லை. தன்னை மறந்து கடவுளுக்கு உழைத்தவர் என்று டெல்டாவில் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவரைச் சொல்ல வேண்டும். அவருக்குப் பளிங்குச் சிற்பம் எதுவும் இல்லை.

சுவார்ட்ஸின் தேவாலயத்திலும் வேளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் என்றுதான் உட்கார்ந்தார்கள். திருவிருந்திலும் முதல் பந்தி யாருக்கு என்பதில் வழக்கம் மாறவில்லை. நாளடைவில் தானாகத் தேய்ந்துவிடும் என்று சுவார்ட்ஸ் பொறுத்துக்கொண்டார். தேயவில்லை. ஹைதரின் பணப்பையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், துளஜா நீட்டிய ராஜ்ய அதிகாரத்தையும் மறுக்க முடிந்தவரால், தன் சபையின் மூத்த குடும்பங்களை மனம் நோகச் செய்ய முடியவில்லை. அன்பினால் வந்த பொறுமை என்று அதை வாதிடலாம். அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர்கள் எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.

இந்தச் சிக்கலின் முழு உருவத்தையும் ஒரே மனிதரிடம் பார்க்க வேண்டுமென்றால் வேதநாயக சாஸ்திரியாரிடம் பார்க்கலாம். 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர், பன்னிரண்டு வயதில் சுவார்ட்ஸ் தஞ்சைக்கு அழைத்துவந்து வளர்த்த பிள்ளை, சரபோஜியோடு படித்தவர். பெத்லகேம் குறவஞ்சியைப் பாடியவர். தமிழ்க் கிறித்தவர்கள் இன்றைக்கும் அவருடைய கீர்த்தனைகளைப் பாடாத ஞாயிறு கிடையாது. அரசரையோ அரசர் வணங்கும் தெய்வத்தையோ புகழ்ந்து பாடச் சொன்னபோது, இயேசுவைத் தவிர வேறு யாரையும் பாடுவதில்லை என்று நின்றுவிட்டார் என்பது தஞ்சைக் கிறித்தவக் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அரண்மனைச் சலுகையைவிடக் கடவுள் பெரிது என்று நின்ற மனிதர்.

அதே சாஸ்திரியார், 1820-களில் வந்த புது மிஷனரிகளோடு மோதினார். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், வழிபாட்டில் தமிழ்ப் பாட்டைக் குறைக்கிறார்கள், பண்டிகைகளில் பூவை விலக்குகிறார்கள், சாதிகளை ஒன்றாக்கச் சொல்கிறார்கள் என்பவை அவருடைய நான்கு குறைகள். முதல் மூன்றில் நியாயம் நிறையவே உண்டு. கடவுளை நம் மொழியில், நம் ராகத்தில், நம் பூவோடு வணங்குவோம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. தமிழ்க் கிறித்தவம் அவருக்கு அதற்காகக் கடன்பட்டிருக்கிறது. நான்காவது குறை அந்த மூன்றின் நிழலில் வந்து உட்கார்ந்துகொண்டது. வெள்ளைக்காரப் போதகர்களின் அதட்டலுக்கு எதிராகப் பேசுகிறோம் என்ற நேர்மையான கோபத்துக்குள்ளேயே, எங்களைச் சேரிக்காரரோடு சேர்த்து உட்காரவைக்காதே என்ற பேச்சும் கலந்துவிட்டது. தன்னலம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. பக்தியின் குரலிலேயே பேசும். அதனால் பேசுகிறவருக்கே அடையாளம் தெரியாது.

சாஸ்திரியார் மிஷன் வேலையை இழந்தார். சரபோஜி அரண்மனையில் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பெருங்கூட்டமாக மக்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். தலைமுறைகளாகச் சொத்தையும் சுற்றத்தையும் கிறிஸ்துவுக்காக விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஒரே பந்தியில் உட்கார்வதை மட்டும் அவர்களால் ஏற்க முடியவில்லை. அவர்களில் பலர், 1840-களில் தரங்கம்பாடிக்கு வந்த லைப்சிக் மிஷன் இதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்று தெரிந்து அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், தலித் கத்தோலிக்கர்களின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவர் இந்த நூற்றாண்டிலும் போராட்டத்துக்குப் பொருளானது. எந்தத் திருமண்டலத் தேர்தலை எடுத்துக்கொண்டாலும் ஓட்டுக் கணக்கில் சாதி வராமல் இருப்பது அபூர்வம். அறுப்பின் பண்டிகையில் டெல்டாக் கிராமத்துச் சபையார் நெல்மூட்டையும் வாழைத்தாரும் ஆட்டுக்குட்டியும் கொண்டுவந்து பீடத்தின் முன் வைக்கிறார்கள்; மனசாரக் கொடுக்கிறார்கள். அதே கோயிலில் நிமிர்ந்து பார்த்தால் மின்விசிறியின் இறக்கை மூன்றிலும் கொடுத்தவர் பெயர் எழுதியிருக்கும். வலது கை செய்வதை இடது கை அறிய வேண்டாம் என்ற பிரசங்கம் அந்த விசிறியின் கீழேதான் நடக்கும்.

பெயர் எழுதுவது சின்னப் பிழை. அதற்காக யாரையும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. அடுத்த சேகரக் கூட்டத்தில் கணக்கு வாசித்து முடித்த பிறகு யாராவது எழுந்து, கல்லறைத் தோட்டத்தில் இனி எல்லாரையும் வரிசைப்படி ஒரே இடத்தில் அடக்கம் செய்வோம் என்று தீர்மானம் கொண்டுவந்தால், அதை வழிமொழிய எத்தனை கை உயரும் என்பதைப் பார்க்க வேண்டும். தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்து இடத்தைத் தன் குடும்பத்துக்கென்று பத்திரமாக வைத்திருக்கும் மூப்பர் ஒருவர் முதலில் கை தூக்கினால், மற்றவர்களும் தூக்குவார்கள்.