வாழ்த்தும் கைவினையும்

ஈகைத் திருநாளுக்கு வாழ்த்து அனுப்ப விரும்பும் ஒருவர், வண்ணத்தாள்களை வெட்டி, அடுக்கி ஒட்டி, அச்சு ஒற்றி, ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டு ஓர் அட்டை செய்கிறார். மற்றொருவர் சிவகாசியில் அச்சான அட்டையை வாங்கி அனுப்புகிறார். இன்னொருவர் தமக்குக் கைபேசியில் வந்த வாழ்த்தை அப்படியே நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறார். மூவரும் சொன்னது ஒன்றே. அவ்வாறாயின் முதலாமவரின் உழைப்பு வீணா?

வீண் என்போரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஸலாம் என்பது ஒரு துஆ. அதை ஏற்கும் இறைவனுக்குப் பூவேலைப்பாடும் பொன்னிறத் தாளும் தேவையில்லை. செயல்கள் எண்ணத்தைக் கொண்டே மதிக்கப்படும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நிய்யத் தூயதாயின் அட்டையே இல்லாவிடினும் குறையில்லை.

உண்மைதான். எனினும், வாழ்த்து மனிதனையும் நோக்கியது. வாழ்த்தப்பெற்றவர் அதனினும் மேலானதைக் கூற வேண்டும், அன்றேல் அதையேனும் திருப்பிக் கூற வேண்டும் என்பது திருக்குர்ஆன் 4ஆம் அத்தியாயம் 86ஆம் வசனத்தின் கருத்து. அங்கே வாழ்த்தைக் குறிக்கும் ‘தஹிய்யத்’ என்ற சொல், உயிர்வாழ்வைக் குறிக்கும் ‘ஹயாத்’ என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. பிறர் வாழ்வுக்கு வேண்டுகிறவர், தம் வாழ்விலிருந்து சிறிது பொழுதை அவருக்கு ஈவது எத்துணைப் பொருத்தம்!

1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பார் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சிடுவித்தார். அனைவருக்கும் கைப்பட எழுத அவருக்கு நேரமில்லை. அச்சட்டை நேரமின்மையில் பிறந்தது. அது குற்றமன்று, பலரை மறவாதிருக்க அது துணைசெய்தது. ஆனால் கையால் செய்யும் அட்டையில், வெட்டும்போதும் ஒட்டும்போதும் அதைப் பெறப்போகும் ஒருவரே நெஞ்சில் நிற்கிறார்.

முத்திரையில்லாக் கடிதத்தை அயல்நாட்டு மன்னர்கள் ஏற்பதில்லை என்று சொல்லப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரத்தில் ‘முஹம்மது’, ‘ரஸூல்’, ‘அல்லாஹ்’ என மூன்று வரிகளில் பொறிக்கச் செய்தார்கள். முத்திரை கடிதத்தின் பொருளைக் கூட்டுவதில்லை; இச்சொல்லுக்கு நான் பொறுப்பு என்று உறுதி கூறுகிறது. கைவேலையும் அத்தகையதே. படிக்காமலே அனுப்பும் வாழ்த்தில் இல்லாதது இப்பொறுப்புத்தான்.

நிற்க. பிறர் மெச்சவேண்டும் என்று செய்தால் அது ரியா. விலையுயர்ந்த தாள்களையும் அச்சுகளையும் துளைக்கருவிகளையும் வாங்கிக் குவித்தால் அது இஸ்ராஃப். கம்பம் பள்ளத்தாக்கில் வாழைக்குப் பஞ்சமில்லை. வாழை மட்டையைக் குறுக்கே அறுத்து மையில் தோய்த்து ஒற்றினால் பிறை விழும். வெண்டைக்காயை அறுத்து ஒற்றினால் பூ விழும். பழைய திருமண அழைப்பிதழ்களின் தடித்த தாளே அடுக்கி ஒட்டப் போதும். இறைநாமம் அச்சான பகுதியில் மட்டும் கத்தரி படலாகாது.

இத்தகைய அட்டையைப் பெற்ற எளியவர் ஒருவர், மறுமொழியாக அஞ்சலட்டையில் இரண்டே வரிகள் எழுதக்கூடும். மேலானது என்பதை விலையாலும் அழகாலும் அளந்தால் அவர் தோற்றவராவார். எழுதிப் பழகாத கை அவ்விரு வரிகளுக்காகப் பட்ட பாடு, அட்டை செய்தவரின் மாலைப் பொழுதைவிடப் பெரிதாயிருக்கலாம். அட்டை செய்து பழகியவருக்கு அது புரிய வேண்டும். புரியாவிடில், அவர் கற்றது காகிதவேலை மட்டுமே.