பட்டியலில் இல்லாதவள்

ஒரு சனிக்கிழமை இரவு, மணி பத்து இருக்கும். மறுநாள் ஆராதனை முடிந்ததும் நாகர்கோவில் உறவினர்கள் நான்கு பேர் ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மகள் ஞாயிறு பள்ளித் தேர்வுக்காகப் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஓய்வுநாள் கட்டளையை இரண்டு முறை ஒப்பித்தவள், மூன்றாவது முறை விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"நீ, பையன், பொண்ணு, வேலைக்காரர், வேலைக்காரம்மா, ஆடு மாடு, வெளியூர்லேர்ந்து வந்தவங்க. ஏழு பேருக்கு லீவு இருக்கும்மா. அம்மாவுக்கு மட்டும் இல்லையே?"

"'நீ'ங்கிறதுல அம்மாவும் சேர்த்திதான்" என்றேன்.

"அப்ப நாளைக்கு யாரு சமைப்பா?"

வெங்காயம் உரிப்பதில் ஒரு வசதி, கண் கலங்குவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பில் மாணவிகளிடம் சொல்வதைப் போல அவளிடமும் இலக்கணம் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். தமிழில் முன்னிலைக்குப் பால் கிடையாது. 'நீ' என்றால் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். எபிரேயத்தில் அப்படியில்லை. அங்கே 'நீ' என்பதற்கே ஆண்பால், பெண்பால் உண்டு. அந்தக் கட்டளையில் இருப்பது ஆண்பால் ஒருமை. மொழிபெயர்ப்பின் தயவில்தான் தமிழ்ப் பெண்களுக்கு அந்த வாக்கியத்துக்குள் ஓர் ஓரத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கடைசிக் கட்டளையில் மனைவி வெளிப்படையாகவே வருகிறாள், அடுத்தவனுடைய வீடு, வேலையாட்கள், மாடு, கழுதை ஆகியவற்றோடு, ஆசைப்படக் கூடாதவற்றின் பட்டியலில்.

இதை வைத்துக்கொண்டு வேதத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று சொல்ல நான் வரவில்லை. நான் விசுவாசி. ஆனால் வாசிக்கத் தெரிந்த விசுவாசி. அதே கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது, இரண்டு வேறு காரணங்களோடு. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில், கடவுள் ஆறு நாளில் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்ந்தார், அதனால் நீயும் ஓய வேண்டும் என்று வருகிறது. உபாகமம் 5இல் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறக்காதே, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே ஓய வேண்டும். எனக்கு இரண்டாவது காரணம்தான் நெருக்கமாக இருக்கிறது. வேலை முடிந்ததற்குக் கிடைக்கும் பரிசாக அங்கே ஓய்வு வரவில்லை. யாரும் யாருக்கும் அடிமையில்லை என்பதை வாரம் ஒருமுறை உடம்பால் நினைவுகூரும் நாளாக வருகிறது. அடுப்படியில் வேலை முடிவதே இல்லை என்பதால், முடிந்த பிறகுதான் ஓய்வு என்றால் எங்களுக்கு அது இந்தப் பிறவியில் இல்லை.

மறுநாள் ஆராதனையில், வருத்தப்பட்டுச் சுமை சுமக்கிறவர்களை இயேசு இளைப்பாற அழைப்பதைப் பற்றித்தான் பிரசங்கம். நல்ல பிரசங்கம்தான். ஆனால் நீண்டுகொண்டே போனது. இளைப்பாறுதல் என்ற சொல் காதில் விழுந்தபோதெல்லாம், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்த கோழிதான் என் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வீட்டில் மட்டன்.

களைத்த அம்மாக்களுக்குச் சபைகளில் தவறாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: இன்னும் அரை மணி நேரம் சீக்கிரம் எழுந்திரு, நாலரை மணிக்கு ஆண்டவரோடு தனித்திரு, நாள் முழுக்கப் பெலன் கிடைக்கும். பெண்கள் கூட்டத்தில் இதைச் சொல்கிறவர்களும் பெண்கள்தான், அன்போடுதான் சொல்கிறார்கள். தூக்கத்திலிருந்து கழித்து ஓய்வில் கூட்டச் சொல்லும் இந்தக் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை. அதோடு சூசன்னா வெஸ்லியின் கதையும் வரும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய். 19 பிள்ளைகள் பெற்றவர், அவர்களில் பலரைக் குழந்தைகளாகவே இழந்தவர். இடுப்பில் கட்டிய ஏப்ரனைத் தூக்கித் தலைமேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பாராம், அப்போது பிள்ளைகள் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். பக்திக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கோ, அத்தனை பேர் இருந்த வீட்டில் சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லாத பெண் தெரிகிறாள்.

என் மதத்தில் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாக மாமல்லபுரம் போவது எங்கள் வழக்கம். அங்கே மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெரிய சிற்பங்கள். ஒன்றில் பாம்பணையில் திருமால் துயில்கிறார். காலடியில் இரண்டு அசுரர்கள் தாக்கத் தயாராக நிற்கிறார்கள், அவர் அசையவில்லை. மற்றதில் துர்க்கை சிங்கத்தின் மேல், எட்டுக் கைகளோடு, வில்லை வளைத்து எருமைத் தலை அசுரனை விரட்டிக்கொண்டிருக்கிறாள். நடுவில் நின்றால் இந்தப் பக்கம் உறக்கம், அந்தப் பக்கம் போர். பல்லவர் காலச் சிற்பிகள் என்ன நினைத்துச் செதுக்கினார்களோ. எட்டுக் கைகளையும் பார்த்துவிட்டு என் மகன் "அம்மா காலைல மாதிரியே இருக்கு" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். இயேசுவும் புயலில் படகில் தலையணை வைத்துத் தூங்கியவர்தான். பேதுருவின் மாமியாருக்குக் காய்ச்சல் விட்டதும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து அவர்களுக்குப் பணிவிடை செய்தாள். ஒருநாள் படுத்திருக்கக்கூடச் சுவிசேஷத்தில் நேரமில்லை.

சரி, ஞாயிறு விடுமுறை நமக்கு எங்கிருந்து வந்தது? தேவாலயத்திலிருந்து மட்டும் வரவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு அது 1890இல் கிடைத்தது. பூலேயின் சத்யசோதக் இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றுத் தந்தது. அந்தப் போராட்டத்தில் ஆலைப் பெண்களும் இருந்தார்கள். விடுமுறை கிடைத்த முதல் ஞாயிறன்று அந்தப் பெண்கள் வீட்டில் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆலையின் சங்கு ஊதவில்லை. அடுப்புக்குச் சங்கு ஏது?

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்களுக்கு 97 நிமிடங்கள், அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களுக்கு மட்டும். பெரும்பாலான ஆண்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

இதுவரை எழுதியதெல்லாம் எனக்குச் சௌகரியமான பகுதி. இனிமேல்தான் சங்கடம்.

மகளின் பட்டியலில் வேலைக்காரம்மா இருந்தார். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவி வீடு துடைக்கும் அக்கா, கூடுவாஞ்சேரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவர், ஞாயிற்றுக்கிழமையும் வந்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு லீவு இல்லையே என்று நான் கண்கலங்கிய அந்த வாரமும் வந்தார். எனக்குக் கிடைத்த கொஞ்ச நஞ்ச ஓய்வும் அவர் கையிலிருந்து வந்ததுதான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் ஏற்கப்பட்டது. வீட்டுப் பணியாளர்களுக்கு வாரம் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. இந்தியா அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. நானும்தான் அளிக்கவில்லை, அந்த ஓய்வுநாள் கட்டளையை வாரந்தோறும் பாடிவிட்டு வந்தும்.

"அக்கா, இனிமே ஞாயித்துக்கிழமை வராதீங்க, சம்பளம் பிடிக்க மாட்டேன்" என்றேன். பெரிய மனுஷியாக உணர்ந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவர் சிரித்தார். "ஞாயித்துக்கெழமை பாத்திரம் திங்கக்கெழமை கெடக்கும்ல டீச்சர்? ரெண்டு நாளுதையும் நாந்தானே தேய்க்கணும்?"

இந்த ஒரு கேள்வியில் இருந்த தெளிவு நான் படித்த எந்த வேத விளக்க நூலிலும் இல்லை. வேலையை அப்படியே வைத்துக்கொண்டு ஓய்வை மட்டும் பங்கிட முடியாது. நான் படுத்தால் மாமியார் எழுந்திருப்பார். மாமியார் படுத்தால் அக்கா. அக்கா வராவிட்டால் திங்கட்கிழமை அக்கா. நகர வேண்டியது ஆள் இல்லை, வேலை. குறைய வேண்டியது சாப்பாட்டுத் தட்டில் நாங்கள் எதிர்பார்ப்பது. வனாந்தரத்தில் மன்னா ஆறாம் நாள் இரண்டு மடங்கு கிடைத்தது, ஏழாம் நாள் யாரும் பொறுக்கப் போகக் கூடாது. ஆனால் ஆறாம் நாளே சுட்டும் வேகவைத்தும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. அதைச் சுட்டது யாரென்று எழுதியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் எழுதி வைத்தோம். சனிக்கிழமை சமையல் நால்வருக்கும். ஞாயிறு மதியம் கஞ்சியும் பயறும் துவையலும் மட்டும். தட்டு அவரவர் கழுவ வேண்டும். பெரிய பாத்திரங்கள் கணவருக்கும் மகனுக்கும்.

எளிதாக நடந்தது என்று சொன்னால் பொய். கணவர் இரண்டு வாரம் கடையிலிருந்து பிரியாணி வாங்கி வந்தார். மூன்றாவது ஞாயிறு யாரும் பாத்திரத்தைத் தொடவில்லை, நானும் பிடிவாதமாக இருந்துவிட்டேன். திங்கட்கிழமை அக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் அவ்வளவையும் தேய்த்தார். என் கொள்கைக்கு அவர் முதுகு விலை கொடுத்தது. மாமியாருக்கு வேறு வருத்தம். "பெரிய படிப்பு படிச்ச மருமவ ஞாயித்துக்கெழம கஞ்சி ஊத்துகான்னு ஊருல சிரிப்பாவ, மக்ளே." ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். ஓய்ந்திருக்கச் சொன்னால் அவருக்கு அது தண்டனை போலத்தான் படுகிறது. என்னை வேண்டாத இடத்தில் உட்கார வைத்துவிட்டாய் என்று அவர் முகம் சொல்லும். கீரையை மடியில் போட்டுக்கொண்டு ஆய்ந்துகொண்டே இருப்பார். அதைப் பிடுங்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை.

அக்காவின் ஞாயிறும் முழுதாகக் கிடைத்துவிடவில்லை. எங்கள் குடியிருப்பிலேயே மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். மற்ற இரண்டு வீட்டில் விடுப்பு இல்லை. அவர்களிடம் நான் பேசிப் பார்த்தேன், ஒருவர் யோசிப்பதாகச் சொன்னார். அதனால் ஞாயிறு மதியம் அந்த வேலையை முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்பார். போன வாரம் கஞ்சி குடித்தார். மாமியார் கீரையில் பாதியை அவர் பக்கம் தள்ளினார், பிறகு என்ன நினைத்தாரோ, தன் பக்கமே இழுத்துக்கொண்டார். அக்கா சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடினார். உள்ளே மகனும் அவன் அப்பாவும் கஞ்சிப் பானையை உருட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் போய், "சத்தம் போடாம கழுவுங்க" என்றாள்.